மக்கள் நம்பும் இணைய அரசுச் சேவை: திட்டமிடுவோருக்கும் நடத்துவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அரசுச் சேவை ஒன்றின் இணையதளத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அருகிலிருந்து கவனிப்பதற்காக, ஒரு நாள் முழுவதும் ஒரு சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தம் விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, கட்டணத்தையும் செலுத்தி முடித்தார். ‘வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது’ என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. உடனே கைப்பையிலிருந்து மொபைலை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தார். பிறகு, விண்ணப்ப எண் தெளிவாகத் தெரியும்படி இன்னும் நெருங்கி மறுபடியும் ஒரு படம் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “நாளைக்கு இப்படி ஒண்ணு வரவே இல்லைன்னு சொல்லிட்டா? கையில ஆதாரம் வேணும்ல” என்றார்.

தொழில்நுட்பக் கணக்கில் அந்தச் சேவைக்கு ஒரு குறையும் இல்லை. பக்கம் விரைவாகத் திறந்தது, பணம் சரியாகச் சென்றது, எண்ணும் கிடைத்தது. ஆனால், அரசு தான் சொன்னதை நாளை மறுத்துவிடக்கூடும் என்ற எண்ணம் அவரிடம் அப்படியே இருந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது படத்துக்கு அவசியம் இல்லாமல் செய்வது எப்படி என்பதைப் பற்றியது. துறை அதிகாரிகள், திட்ட மேலாளர்கள், வடிவமைப்பாளர்கள், ஒப்பந்த நிறுவனங்களில் வேலை செய்வோர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். படிகளை வரிசையாகவே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் படியைச் செய்யாமல் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடங்கினால் உழைப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் போய்ச் சேரும்.

படி 1: அவநம்பிக்கை எங்கெல்லாம் செயலாக வெளிப்படுகிறது என்று கணக்கெடுங்கள்

‘இந்தச் சேவையை நம்புகிறீர்களா?’ என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களை நீட்டும் கருத்துக்கணிப்பால் அதிகம் தெரியவராது. வேலை முடிந்த நிம்மதியில் இருப்பவர் ஐந்தையும் அழுத்திவிட்டுப் போவார். பாதியில் கைவிட்டவர் அந்தக் கேள்வி வரும் பக்கத்தை எட்டுவதே இல்லை. மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, நம்பிக்கை இருந்தால் செய்யத் தேவையே இல்லாத எந்தெந்த வேலைகளைச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

திரையைப் படம் பிடிப்பது அவற்றில் ஒன்று. விண்ணப்பித்த மறுநாளே ‘வந்து சேர்ந்ததா’ என்று தொலைபேசியில் கேட்பது, ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை போட்டுவைப்பது, இணையத்தில் அனுப்பியதையே அச்செடுத்து நேரில் கொண்டுவந்து கொடுப்பது, இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய வேலைக்கு இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பது, துறையில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பது என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அச்சத்திலிருந்து பிறக்கின்றன. இரட்டை விண்ணப்பம் ‘முதலாவது தொலைந்திருக்கலாம்’ என்ற அச்சம்; இடைத்தரகர் ‘ஏதாவது ஒன்றைத் தவறாக நிரப்பி, அதற்குத் தண்டனை அனுபவிப்பேன்’ என்ற அச்சம்.

உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளில் ஒரு வாரத்துக்கு உரியவற்றை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த அச்சத்தால் வந்தது என்று கையால் வகைப்படுத்துங்கள். இரட்டைப் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து எண்ணுங்கள். சேவை மையத்திலோ வரிசையிலோ இரண்டு நாள் உட்காருங்கள். இந்த மூன்றையும் செய்து முடிக்கும்போது, எந்த அச்சத்தை முதலில் தீர்க்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பின்வரும் படிகள் எல்லாம் அதில் ஏதேனும் ஒரு வரியை அழிப்பதற்காகவே.

படி 2: ஒரே ஒரு சேவையை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே நடந்து பாருங்கள்

ஒரே நேரத்தில் நூறு சேவைகளையும் புதிய தளத்துக்கு மாற்றும் திட்டம் அறிவிப்பு மேடையில் நன்றாகத்தான் இருக்கும்; முழுப் பாதையையும் சோதிக்காமல் பெரிதாகத் திறந்தால் நடைமுறையில் தடுக்கி விழும். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைக்கான ஹெல்த்கேர்.காவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. காப்பீட்டுத் திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்ற அமைப்பு, வெறுமனே விலை பார்க்க வந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் ஒரே குறுகிய வாசலில் நிறுத்தியது. பல ஒப்பந்த நிறுவனங்கள் தனித்தனியாகக் கட்டிய பகுதிகளை ஒன்றாக இணைத்து, முழுப் பாதையையும் போதிய அளவு சோதிக்கவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. தளம் சில மாதங்களில் சீரானது. அந்த மீட்பு வேலையின் பாடத்திலிருந்தே 2014-இல் அமெரிக்க டிஜிட்டல் சேவைப் பிரிவு அமைக்கப்பட்டது.

ஆகவே, அதிகம் பேர் பயன்படுத்துவதும் அதிக அழைப்புகள் வருவதுமான ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண விலையில் கிடைக்கும் மொபைலில், வேகம் குறைந்த இணைப்பில், உங்கள் உண்மையான விவரங்களை வைத்து விண்ணப்பியுங்கள். துறையின் உள் இணைப்பில், பெரிய திரையில், சோதனைக் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. பிரிட்டன் அரசு 2014-இல் தன் சேவைத் தரக் கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அதில் 26 விதிகள் இருந்தன. அவற்றில் கடைசி விதி, பொறுப்பு அமைச்சரே சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது. பிற்காலப் பதிப்பில் அந்த விதி இடம்பெறவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். உயர் பொறுப்பில் இருப்பவர், பயன்படுத்துபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா எழுத்துகளை மூன்றாம் முறையாகத் தவறவிடும் அந்த அரை நிமிடம், பத்து ஆய்வறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

பாதை இணையதளத்தோடு முடிவதில்லை. விண்ணப்பம் யாருடைய மேசைக்குப் போகிறது, அங்கே அதை அச்செடுத்து மறுபடியும் கோப்பில் சேர்க்கிறார்களா, முடிவு எந்த வழியாகத் திரும்புகிறது என்பது வரை சென்று பாருங்கள். முன்வாசலை இணையமாக்கிவிட்டு உள்ளே பழைய நடைமுறையை அப்படியே விட்டுவைத்த சேவைகளில்தான், தாமதம் யாருக்கும் விளங்காத மர்மமாகிவிடுகிறது.

படி 3: கேள்விகளைக் குறையுங்கள்; ஆனால் எடுக்கும் தகவலைச் சொல்லிவிட்டு எடுங்கள்

படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டி, இந்தத் தகவல் இல்லாவிட்டால் எந்த முடிவு மாறும் என்று கேளுங்கள். ‘பழைய படிவத்தில் இருந்தது’ என்பது மட்டுமே பதிலாக வந்தால் அந்தக் கட்டத்தை நீக்குங்கள். பெயர்க் கட்டம் ஒன்றே போதிய உதாரணம். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து இரண்டையும் கட்டாயமாக்கும் படிவத்தின் முன், குடும்பப் பெயரே இல்லாத வழக்கமுள்ள சமூகங்களைச் சேர்ந்தவர் என்ன செய்வார்? புள்ளி வைப்பார், அதே பெயரைத் திரும்ப எழுதுவார், அல்லது தந்தையின் பெயரை இடுவார். மூன்று துறைகளில் மூன்று விதமாக எழுதியபின், ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நிராகரிப்பு வரும். பிழை படிவத்தினுடையது, தண்டனை அவருக்கு. ‘முழுப் பெயர்’ என்ற ஒற்றைக் கட்டம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மக்களிடம் மறுபடியும் கேட்கக் கூடாது என்பது இப்போது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய ஒற்றை டிஜிட்டல் நுழைவாயில் ஒழுங்குமுறையும் இதை உள்ளடக்கியது. எஸ்டோனியாவில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு இதற்கு நல்ல முன்னுதாரணம். அங்கே எல்லாத் தகவல்களையும் ஒரே பெரிய கிடங்கில் கொட்டிவைக்கவில்லை. ஒவ்வொரு துறையின் தரவும் அந்தந்தத் துறையிடமே இருக்கிறது. தேவைப்படும் துறை கேட்கிறது. கேள்வியும் பதிலும் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிவாகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தம் முகவரியும் வருமானமும் தானாகவே நிரம்பியிருக்கும் படிவத்தைப் பார்க்கும் ஒருவருக்கு வசதி தோன்றுவதற்கு முன் திகைப்புத் தோன்றலாம்: இவர்களுக்கு இது எப்படித் தெரியும்? எனவே, முன்கூட்டியே நிரப்பிய ஒவ்வொரு தகவலுக்கும் அருகில் அது எந்தப் பதிவேட்டிலிருந்து எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். ‘இது தவறு’ என்று சொல்வதற்கான வழியையும் அதே இடத்தில் வையுங்கள்.

படி 4: பிழைச் செய்திகளை முதலில் எழுதுங்கள்

முகப்புப் பக்கத்தின் வரவேற்பு வாசகத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பிழைச் செய்திகளுக்குச் செலவிட்டால் போதும். எல்லாம் சரியாக நடக்கும்போது யாரும் வாசகத்தைப் படிப்பதில்லை; தடுக்கி விழும்போதுதான் ஒவ்வொரு சொல்லையும் படிக்கிறார்கள்.

‘ஆவணம் ஏற்கத்தக்கதல்ல. மீண்டும் முயலவும்’ என்பது நடைமுறையில் உள்ள பல தளங்களின் செய்தி. எந்த ஆவணம், ஏன், எதை மாற்ற வேண்டும், செலுத்திய கட்டணம் என்ன ஆயிற்று என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடை இல்லை. அதை இப்படி எழுதலாம்: ‘நீங்கள் இணைத்த முகவரிச் சான்றில் வழங்கப்பட்ட தேதி தெரியவில்லை. தேதி உள்ள பகுதியும் சேரும்படி முழுப் பக்கத்தையும் படமெடுத்து மீண்டும் இணையுங்கள். நீங்கள் நிரப்பிய மற்ற விவரங்கள் அப்படியே உள்ளன. கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டியதில்லை.’ இந்த நான்கு வாக்கியங்களில் கடைசி இரண்டும்தான் இடைத்தரகரிடம் போக இருந்தவரை நிறுத்திவைக்கும்.

இப்படிப்பட்ட செய்தியை எழுத வேண்டுமானால், கணினிக்கு உண்மையான காரணம் தெரிந்திருக்க வேண்டும். பரிசீலிக்கும் அலுவலர் ‘பிற காரணங்கள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்க வழி இருக்கக் கூடாது. அதாவது, நல்ல பிழைச் செய்தி எழுத முனைந்தாலே உள்நடைமுறை திருந்தத் தொடங்குகிறது. அதோடு, பதினைந்து நிமிடம் நிரப்பியதைக் கால அவகாசம் முடிந்தது என்று சொல்லி அழித்துவிடும் பழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தானாகவே சேமியுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நிர்வாக மொழியில் எழுதிவிட்டு இறுதியில் மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளினால், சட்டத்தின் வாசனை மட்டும் எஞ்சிய வாசகம்தான் கிடைக்கும். மக்கள் பேசும் மொழியிலேயே முதல் வரைவை எழுதி, அதைப் படிக்கச் சொல்லி, ‘இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இது சொல்கிறது?’ என்று ஐந்து பேரிடம் கேட்டுத் திருத்துங்கள்.

படி 5: ஒப்புகையும் நிலவரமும் அரசின் வாக்குறுதியாக இருக்கட்டும்

இரண்டாவது படத்துக்கு நேரடியான மருந்து இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட கணமே, விண்ணப்பதாரரின் கைக்கு அரசிடமிருந்து ஓர் ஆதாரம் போய்ச் சேர வேண்டும். அதில் விண்ணப்ப எண் மட்டும் இருந்தால் போதாது. அவர் அனுப்பிய விவரங்களின் முழுப் பிரதி, ஏற்கப்பட்ட நாள், எந்தத் தேதிக்குள் முடிவு வரும், அந்தத் தேதி தாண்டினால் எங்கே, எப்படிக் கேட்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், தரவிறக்கம் செய்யக்கூடிய கோப்பு என்று குறைந்தது இரண்டு வழிகளிலாவது கொடுங்கள்.

தேதியைச் சொல்லும்போது சராசரியைச் சொல்லிவிடாதீர்கள். சராசரி 10 நாள் என்றால், கணிசமானவர்களுக்கு 10 நாளைத் தாண்டித்தான் முடிவு வருகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் முடிகிறதோ அந்த எண்ணைச் சொல்லுங்கள். 18 நாள் என்று சொல்லி 12-ஆம் நாளில் கொடுப்பது, 10 நாள் என்று சொல்லி 12-ஆம் நாளில் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

நிலவரம் காட்டும் பக்கத்தைவிட, நிலை மாறும்போது தானாகவே செல்லும் செய்தி பயனுள்ளது. பிரிட்டன் அரசு 2016-இல் தொடங்கிய நோட்டிஃபை என்ற பொதுச் செய்தி அமைப்பை எந்தத் துறையும் தன் சேவையோடு இணைத்து, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் ஆகியவற்றை அனுப்ப முடியும். ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்ற அழைப்புகளை அழைப்பு வருவதற்கு முன்பே தீர்த்துவிடுவதே இதன் கணக்கு. செய்தியில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற நிரந்தர வாசகம் வேண்டாம். ‘ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன, கள ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது, ஆய்வாளர் 23-ஆம் தேதிக்குள் வருவார்’ என்று சொல்லுங்கள்.

பணம் பிடிக்கப்பட்டு விண்ணப்பம் பதிவாகாத நிலையைத் தனியாகக் கையாளுங்கள். எந்தச் சேவையிலும் சிறு விழுக்காட்டில் இது நேரத்தான் செய்யும். வங்கிக் கணக்கையும் விண்ணப்பப் பதிவையும் அன்றாடம் ஒப்பிட்டு, அவர் புகார் செய்வதற்கு முன்பே ‘உங்கள் பணம் வந்துவிட்டது, விண்ணப்பம் நிறைவடையவில்லை, இந்த இணைப்பில் தொடரலாம்’ என்று தளத்துக்குள் அறிவியுங்கள்.

படி 6: தரவை யார் பார்த்தார்கள் என்பதை உரியவருக்குக் காட்டுங்கள்

தனியுரிமைக் கொள்கை என்ற பெயரில் இருபது பக்கச் சட்ட உரையை வெளியிடுவது சட்டத்துக்குப் போதலாம். மக்கள் அறிய விரும்புவது, என்னுடையதை யார் பார்த்தார்கள் என்பதை. எஸ்டோனியாவில் குடிமக்கள் அரசு இணைய வாயிலில் நுழைந்து, இணைக்கப்பட்ட பதிவேடுகளில் உள்ள தங்கள் தகவலை எந்த நிறுவனம் எப்போது எடுத்துப் பார்த்தது என்று காண முடிகிறது. காரணம் புரியாவிட்டால் விளக்கம் கேட்கவும் முடிகிறது. இதன் முழுப் பயனும் பார்ப்பவர்களால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலோர் ஒருபோதும் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்கலாம். ஆனால் ஆர்வக்கோளாறில் அண்டை வீட்டாரின் கோப்பைத் திறக்க நினைக்கும் அலுவலரின் கையை அது தடுத்துவிடுகிறது.

ஒரு நோக்கத்துக்கென்று சொல்லி வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதைப் போல நம்பிக்கையை வேகமாகக் கரைப்பது எதுவும் இல்லை. சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச்சில் கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறிவதற்காக வந்தது; அந்த ஒரு நோக்கத்துக்கே பயன்படும் என்று சொல்லப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ்க் காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எழுந்த அதிருப்தியைத் தொடர்ந்து, கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என வரம்பு கட்டும் சட்டம் அடுத்த மாதமே இயற்றப்பட்டது. விரைவான திருத்தம்தான், ஆனாலும் அந்த வரம்பு முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியது. உங்கள் சேவைக்கு வேறு எந்தச் சட்டத்தின் வழியாகவெல்லாம் தரவு கேட்கப்படலாம் என்று தொடங்கும் முன்பே சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, விடையை மக்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

படி 7: கணினி எடுக்கும் முடிவுக்கு மனிதர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்

இந்தப் படியில் தவறு நேர்ந்தால் மற்ற அனைத்தும் வீண் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர்பெற்ற திட்டம், நலத்தொகை பெற்றவர்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டார்களா என்று தானாகவே கண்டறிய முயன்றது. அதன் கணக்கு முறையைக் கையில் வைத்துப் பார்த்தாலே பிழை புரியும். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை செய்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். இரண்டாம் பாதியில் வேலை இழந்து, நேர்மையாக நலத்தொகை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வோர் இருவாரத்திலும் 1,000 டாலர் சம்பாதித்ததாக வரும். வேலையில்லாத இருவாரங்களிலும் 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே நலத்தொகை பெற்றதாகக் கணினி முடிவு கட்டி, திருப்பிச் செலுத்தச் சொல்லும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி அலையும் அந்த மனிதருடையது. இந்த முறை சட்டப்படி செல்லாது என்று தெரிந்தபின், சுமார் 4,70,000 கடன் கோரிக்கைகளில் வசூலித்த ஏறத்தாழ 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு 2020-இல் அறிவித்தது. 2023-இல் வெளிவந்த அரச விசாரணை ஆணைய அறிக்கை திட்டத்தைக் கடுமையாகச் சாடியது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் குடும்பங்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டன; விண்ணப்பங்களைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்ததில் கணினியின் இடர் மதிப்பீட்டுக்கும் பங்கு இருந்தது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. பிரிட்டனில் அஞ்சலகங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்ட உள்ளூர் அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டனர். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் சட்ட நிலை அங்கே இருந்தது. மென்பொருளின் பிழையை நிரூபிக்கத் தேவையான பதிவுகளோ குற்றம் சாட்டப்பட்டவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன.

மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். கணினியின் வெளியீட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்; நிரூபிக்கும் சுமையைத் தனிமனிதரின் தலையில் வைத்தார்கள்; ஒரே மாதிரியான புகார் ஆயிரக்கணக்கில் வந்தபோதும் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சம்பவமாகவே பார்த்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவற்றிலிருந்தே கிடைக்கின்றன. ஒருவருக்குப் பாதகமான முடிவு எதையும் கணினி மட்டும் எடுத்து அனுப்பிவிடக் கூடாது. முடிவுக்குக் காரணமான விதியும், பயன்படுத்திய தகவலும், கணக்கிட்ட விதமும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மேல்முறையீடு செய்தவரிடமிருந்து, அது முடியும் வரை பணத்தை வசூலிக்கக் கூடாது, சேவையை நிறுத்தவும் கூடாது. மேல்முறையீட்டைப் பரிசீலிப்பவருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இருக்க வேண்டும். திரையில் தெரிவதைப் படித்துச் சொல்ல மட்டும் ஒருவரை உட்கார வைப்பதால் பயனில்லை. மாதம் ஒருமுறை, மாற்றப்பட்ட முடிவுகளைக் காரணவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அந்த விதியால் பாதிக்கப்பட்ட, மேல்முறையீடே செய்யாத மற்றவர்களையும் தேடிப்போய்த் திருத்துங்கள். ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி நகர நிர்வாகங்கள் தாங்கள் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளின் பொதுப் பதிவேட்டை 2020-இல் வெளியிட்டன. அதுபோல, எந்தெந்த முடிவில் எந்தக் கணிப்பு முறை பயன்படுகிறது என்று எளிய மொழியில் வெளியிடுவது பெரிய செலவில்லாத வேலை.

படி 8: போலிகளுக்கு இடம் கொடுக்காதீர்கள்

ஒரு துறைக்கு நான்கு இணைய முகவரிகள், மூன்று செயலிகள், மாறிக்கொண்டே இருக்கும் குறுஞ்செய்தி அனுப்புநர் பெயர்கள் என்று இருந்தால், மோசடிக்காரரின் ஐந்தாவது முகவரியை யாரால் பிரித்தறிய முடியும்? அரசுக்கென ஒதுக்கப்பட்ட ஒரே முகவரி வகையின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பிரிட்டன் 2012-இல் தன் அரசுத் தகவல்களை ஒரே தளத்தின் கீழ் சேர்க்கத் தொடங்கியதில் இந்த நன்மையும் சேர்ந்தே வந்தது. குறுஞ்செய்தியில் பணம் கேட்கவோ, கட்டணப் பக்கத்துக்கு இணைப்பு அனுப்பவோ மாட்டோம், ஓடிபி எண்ணை எந்த அலுவலரும் கேட்க மாட்டார் என்று அறிவித்துவிட்டு, அந்த விதியை முதலில் நீங்கள் மீறாமல் இருங்கள். துறையே மீறும் விதியை மக்கள் எப்படி நினைவில் வைப்பார்கள்?

படி 9: இணையத்துக்கு வெளியே இருப்பவரும் அதே சேவையைப் பெற வேண்டும்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள். உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கும் சேவை, அவர்களைச் சார்ந்த குடும்பங்களின் நம்பிக்கையையும் சேர்த்தே இழக்கிறது.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைக்கும் அணுகல்தன்மைக்கு டபிள்யூசிஏஜி என்ற உலக அளவிலான வழிகாட்டுதல் இருக்கிறது, அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. வழக்கமான அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகோல்கள் அதில் தெளிவாக உள்ளன. தானியங்கிக் கருவியால் சோதித்துவிட்டு நிறுத்திவிடாமல், திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து விண்ணப்பத்தை முடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிபி வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடுவது, படத்தில் மட்டும் காட்டப்படும் கேப்ட்சா போன்றவை அங்கேதான் பிடிபடும்.

நேரடி வழியை மூடாதீர்கள். அரசுக் கடிதங்களை டிஜிட்டல் அஞ்சலில் பெறுவதை 2014 நவம்பர் முதல் கட்டாயமாக்கிய டென்மார்க்கிலும், இயலாதவர்கள் விலக்குப் பெற்றுக் காகிதக் கடிதத்தைத் தொடர வழி வைத்திருக்கிறார்கள். நேரில் வருபவரின் விண்ணப்பமும் அதே அமைப்பில் பதிவாகி, அதே ஒப்புகையும் அதே கெடுவும் பெற வேண்டும். பிறருக்காக விண்ணப்பிப்பவர்களுக்கு, அதாவது முதியவரின் மகளுக்கோ சேவை மையப் பணியாளருக்கோ, முறையான பிரதிநிதி வசதி கொடுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதே நடைமுறையாகிவிடும்.

படி 10: பழுது நேரும் நாளுக்கு இன்றே வாசகம் எழுதி வையுங்கள்

2017-இல் எஸ்டோனியாவின் அடையாள அட்டைகளில் பயன்பட்ட சிப் ஒன்றில் பாதுகாப்புக் குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பாதிக்கப்படக்கூடியவை சுமார் 7,50,000 அட்டைகள். செப்டம்பர் தொடக்கத்தில் அரசு அதைத் தானே பகிரங்கமாக அறிவித்தது. என்ன தெரியும், எப்போது சரியாகும் என்று தொடர்ந்து சொன்னது. அட்டைக்குள் இருக்கும் டிஜிட்டல் சான்றிதழ்களை இணையம் வழியாகவே புதுப்பிக்க வழி செய்து, நவம்பரில் பழைய சான்றிதழ்களை முடக்கியது. இடையில் அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்களிப்பும் நடந்தது. குறையை வெளியார் சொல்லி மக்கள் அறிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இதற்கான ஆயத்தம் எளிது, ஆனால் முன்கூட்டியே செய்தாக வேண்டும். சேவை நின்றுபோனால், தரவு கசிந்தால், தவறான முடிவுகள் மொத்தமாகப் போய்விட்டால் என்ற மூன்று நிலைகளுக்கும் அறிவிப்பு வரைவை எழுதி, யார் கையொப்பமிடுவார் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த 72 மணி நேரத்தில் முதல் 60 மணி நேரம் ‘யாரிடம் ஒப்புதல் வாங்குவது’ என்பதிலேயே கழிந்துவிடக் கூடாது. சர்வர் பழுதால் கெடு நாளைத் தவறவிட்டவர்களுக்குக் கெடு தானாகவே நீளும் என்பதையும் விதியாகவே எழுதுங்கள்; அதற்காகத் தனியே மனுப் போட வைக்காதீர்கள்.

படி 11: சரியானதை அளந்து, அளந்ததை வெளியிடுங்கள்

எத்தனை லட்சம் பதிவிறக்கம், எத்தனை கோடி வருகை என்பவை சேவையின் அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. பிரிட்டன் தன் சேவைகளுக்கு வகுத்த நான்கு அளவைகள் தொடக்கத்துக்குப் போதும்: ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் செலவு, பயனர் திருப்தி, தொடங்கியவர்களில் முடித்தவர்களின் விகிதம், இணைய வழியைத் தேர்ந்தெடுத்தவர்களின் விகிதம். இவற்றோடு முதல் படியில் எடுத்த கணக்கையும் சேருங்கள்: இரட்டை விண்ணப்பங்கள், நிலவரம் கேட்கும் அழைப்புகள், சொன்ன தேதிக்குள் முடிந்தவை, மேல்முறையீட்டில் மாறிய முடிவுகள். மோசமான மாதத்தின் எண்களையும் அதே பக்கத்தில் அதே இடத்தில் வெளியிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சேவை மையத்துக்குச் சென்று, அறிவிக்காமல் ஒரு நாள் உட்காருங்கள். பச்சை எழுத்து வந்ததும் மொபைலை உயர்த்துபவர்கள் எத்தனை பேர், அப்படியே எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் வகையினர் குறைந்துவிட்டார்கள் என்று தோன்றினாலும், ‘அச்சிடுக’ பொத்தானை எடுத்துவிட வேண்டாம். கையில் ஒரு தாள் இருந்தால்தான் நிம்மதி என்பவர்களுக்காக அது அங்கேயே இருக்கட்டும்.